பரீட்சைக்கு வந்த கட்டைவிரல்

பட்டுச் சேலையா, நூல் சேலையா என்று விஜயலெட்சுமி அன்று காலையில் பட்ட பாட்டைப் பார்த்துக் கணவர் சிதம்பரநாதனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“இஞ்சேரும், அவை உம்மடை கையைத்தான் பாக்கப் போகினம். சீலையை இல்லை.”

“கை மட்டும் தனியாவா பஸ் ஏறப் போகுது? நானும்தானே கூடப் போறேன்!”

கடைசியில் பட்டே வென்றது. பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தின் பிள்ளைக்காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் கைக்குழந்தைகளைத் தூக்கித் தாலாட்டும் ஆயா விஜயலெட்சுமி. அவளுக்குப் பட்டுக் கட்டும் நாள் வருஷத்தில் ஒன்றோ இரண்டோதான். இன்று அப்படி ஒரு நாள் என்று அவளே முடிவு செய்துகொண்டாள்.

எல்லாம் போன வாரம் பதுளை பெரியாஸ்பத்திரி க்ளினிக்கில் டொக்டர் செல்வநாயகி கேட்ட ஒரு கேள்வியால் வந்தது.

“உங்கட கட்டைவிரலை ஒரு நாளைக்கு எங்களுக்கு இரவல் தருவீங்களோ, விஜயலெட்சுமி?”

மருத்துவம் படிக்கும் பிள்ளைகளுக்குச் செய்முறைப் பரீட்சை. உண்மையான நோயாளிகளைக் கட்டிலில் உட்கார வைப்பார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து கேட்க வேண்டும், தொட்டுப் பார்க்க வேண்டும், என்ன நோய், ஏன் வந்தது என்று சொல்ல வேண்டும். முடக்குவாதம் வந்து வருஷக்கணக்கான விஜயலெட்சுமியின் வலது கட்டைவிரல் மாதிரி ஒரு விரல், புத்தகத்தில்கூட அவ்வளவு தெளிவாக இருக்காதாம்.

அந்த விரலைத்தான் அவள் இத்தனை காலமும் முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்தாள். அடி மூட்டு உள்ளங்கைப் பக்கம் மடிந்து இறங்கியிருக்கும். நுனி மூட்டு அதற்கு நேரெதிராய்ப் பின்னால் வளைந்து நிற்கும். பக்கவாட்டில் பார்த்தால் ஆங்கில ‘இசட்’ எழுத்து. கல்யாண வீட்டில் யாராவது உற்றுப் பார்த்தால் போதும், அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

“காட்சிப் பொருளா போய் இருக்கப் போறீரோ?” என்று சிதம்பரநாதன் முதலில் கோபித்துத்தான் பார்த்தார். தோட்டப் பாடசாலையில் படிப்பிக்க வடக்கிலிருந்து வந்து, அங்கேயே பெண்ணெடுத்து, அங்கேயே ஓய்வும் பெற்றவர். மனைவியை யாரும் வேடிக்கை பார்த்தால் அவருக்குப் பொறுக்காது.

“மறைச்சு வச்சு என்னத்தக் கண்டேன்? இந்த விரலப் பாத்து நாலு புள்ளைங்க டொக்டராகுமுன்னா ஆகட்டுமே!” என்றாள் அவள். மறுநாளே அவர் பஸ் நேரம் விசாரித்து வைத்தார்.

*

வார்டு அன்று வார்டு மாதிரியே இல்லை. ஒவ்வொரு கட்டிலைச் சுற்றியும் பச்சைத் திரை. கட்டில் தலைமாட்டில் ஒரு இலக்கம். மேசைமேல் கை சுத்தம் செய்யும் போத்தல். கல்யாண மண்டபம்போல ஒரே பரபரப்பு.

விஜயலெட்சுமிக்குப் பக்கத்துக் கட்டில் பசறைச் சின்னராசாவுக்கு. லொறி ஓட்டியவர், பெரிய மீசைக்காரர். சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, வெறும் மார்போடு ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார்.

“தங்கச்சிக்கு என்ன கேஸ்?” என்றார் திரைக்கு அந்தப்பக்கமிருந்து.

“கட்டைவிரல்ணே.”

“எனக்கு நெஞ்சு. உள்ள ஒரு சத்தம் கேக்குமாம். குழாய சரியான எடத்துல வச்சாத்தான் கேக்கும். கேட்டாப் பாஸ்.” குரலைத் தாழ்த்தினார். “ஒண்ணு சொல்றேன். கேட்டதுக்கு மட்டும்தான் பதில் சொல்லணும். போன தடவை ஒரு புள்ளையப் பாத்துப் பாவப்பட்டு, எடது பக்கமுன்னு கண்ணக் காட்டிட்டேன். எந்திரிச்சு வெளிய போங்கன்னுட்டாங்க. சோத்துப் பார்சல்கூடக் கெடைக்கல.”

விஜயலெட்சுமிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

டொக்டர் செல்வநாயகி வந்து எட்டிப் பார்த்தார். கூடவே கண்டியிலிருந்து பரீட்சை நடத்த வந்த ஒரு சிங்கள டொக்டர், வயதானவர். “வடிவா வெளிக்கிட்டு வந்திருக்கிறியள்!” என்றார் செல்வநாயகி, பட்டுச் சேலையைப் பார்த்து. “பிள்ளைகளுக்க உங்களுக்குத் தெரிஞ்சவை ஆரும் இருந்தா உடன சொல்லிப்போட வேணும். அவைக்கு வேற பேஷண்டைக் குடுப்பம். அதுதான் சட்டம்.”

“எனக்கு யாரு டொக்டர் இருக்கப் போறாங்க?”

மணி அடித்தது. பரீட்சை தொடங்கியது.

முதலில் வந்த பையன் கேட்காமலே அவள் கையைப் பிடித்து ஒரு அமுக்கு அமுக்கினான். உயிர் போய் வந்தது. “வலிக்குமா எண்டு கேக்காம ஒரு கையையும் தொடக் கூடாது” என்று செல்வநாயகி சொன்ன குரலில், பையனின் காது சிவந்தது. அடுத்து வந்தவள் விரலைச் சரியாகச் சொல்லிவிட்டு, ஏன் அப்படி ஆனது என்று கேட்டதும் திணறினாள். இன்னொருத்தன் மூட்டையை அவிழ்த்துக் கொட்டுவதுபோலப் படபடவென்று எல்லாம் சொல்லி முடித்தான். அவனுக்குக் கை தட்டலாமா என்றிருந்தது அவளுக்கு.

யாரும் முகத்தைச் சுளிக்கவில்லை. யாரும் ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. ஆயுசிலேயே முதல் தடவையாக அந்த விரலை மேசைமேல் நீட்டி வைத்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள் விஜயலெட்சுமி.

மறுபடியும் மணி. திரை விலகியது.

ஒல்லியான ஒரு பெண். இழுத்துப் பின்னிய சடை. வந்ததும் கை சுத்தம் செய்யும் போத்தலின் தலையை விரலால் அழுத்தாமல் மணிக்கட்டால் அழுத்தினாள். விஜயலெட்சுமி அதைக் கவனித்தாள். பிறகு பேனாவை எடுத்தாள் அந்தப் பெண். கட்டைவிரலை விட்டுவிட்டு, ஆட்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் செருகிக்கொண்டாள்.

விஜயலெட்சுமி அந்த விரல்களையே பார்த்தாள். அப்படிப் பேனா பிடிக்கும் ஒரே ஒரு ஆளைத்தான் அவளுக்குத் தெரியும். அது அவளேதான்.

“வணக்கம்மா. உங்க பேரு?”

“விஜயலெட்சுமி.”

“எந்த ஊருங்க?”

“பூனாகலை.”

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. பிறகு மெல்ல நகர்ந்தது.

நோய் எப்போது வந்தது, எந்த மூட்டில் தொடங்கியது, காலையில் எவ்வளவு நேரம் விறைத்திருக்கும் என்று வரிசையாகக் கேட்டாள். குரல் மட்டும் தேய்ந்துகொண்டே வந்தது.

“உங்க குடும்பத்துல வேற யாருக்காச்சும் இப்படி இருக்கா?”

“எங்க அம்மாவுக்கு இருந்துச்சு. இராக்கம்மான்னு பேரு. மருந்து மாத்திரைன்னு எதுவும் பாக்காமலே போய்ச் சேந்துட்டாங்க.”

“கூடப் பொறந்தவங்க?”

“ஒரே ஒரு அண்ணன். அவருக்கு இருக்கா இல்லியான்னு தெரியாது. எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்ல.”

பேச்சுவார்த்தை அறுந்தது அவள் கல்யாணத்தில். அண்ணன் வீரசிங்கம் தன் மச்சினனுக்கு விஜயலெட்சுமியைப் பேசி முடித்திருந்தான். இவளோ பள்ளிக்கூடத்துச் சிதம்பரநாதன் வாத்தியாரைக் கைப்பிடித்தாள். ‘இனி எனக்குத் தங்கச்சி இல்ல’ என்று சொல்லிவிட்டு, மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு மொனராகலைக்குப் போனவன்தான்.

அந்தப் பெண் தலை நிமிரவில்லை. “கையப் பாக்கலாமாம்மா? வலிச்சாச் சொல்லுங்க” என்றாள்.

தன் இரண்டு உள்ளங்கைகளையும் அடியில் கொடுத்து, முட்டையை ஏந்துவதுபோல அந்தக் கையை ஏந்தினாள். அவள் விரல் மூட்டுகள் சூடாக இருந்தன. லேசாக வீங்கியும் இருந்தன. விஜயலெட்சுமியின் கை அந்தச் சூட்டை உடனே இனங்கண்டுகொண்டது.

சிங்கள டொக்டர் ஆங்கிலத்தில் கேட்டவற்றுக்கெல்லாம் அவள் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னாள். அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

“சரி” என்றார் செல்வநாயகி. “இப்ப உங்கட பேஷண்டுக்கு அவவின்ர பாஷையிலயே சொல்லுங்கோ. இந்த விரல் ஏன் இப்பிடி ஆனது?”

அப்போதுதான் அந்தப் பெண் விஜயலெட்சுமியின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“நம்ம உடம்புக்குக் காவலா இருக்க வேண்டிய சக்தி, ஆள் தெரியாம நம்ம மூட்டையே தாக்குறதுதாம்மா இந்த நோய். மூட்டுக்கு உள்ளுக்க ஒரு மெல்லிசான சவ்வு இருக்கு. மொதல்ல அது வீங்கும். உங்க கட்டைவிரல்ல இந்த அடி மூட்டுலதான் ஆரம்பிச்சிருக்கு. வீக்கம் மாசக்கணக்கா, வருஷக்கணக்கா உள்ள இருந்து தள்ளிக்கிட்டே இருந்தா, மூட்டைச் சுத்தி இறுக்கிப் பிடிச்சிருக்கிற எல்லாம் தொய்ஞ்சு போயிரும்.”

“சட்டை எலாஸ்டிக் மாதிரியா?”

“ஆமாம்மா, அப்படித்தான்.” அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து மறைந்தது. “விரல நிமித்துறதுக்கு மேல ரெண்டு தசைநாண் ஓடுது. கயிறு மாதிரி. ஒண்ணு இந்த அடி மூட்டை நிமித்தும். அது பிடிச்சிருக்கிற எடம் தேஞ்சு விட்டுப் போச்சு. இன்னொண்ணு நடுவுல ஓட வேண்டியது, பக்கத்துல சரிஞ்சு கீழ எறங்கிருச்சு. அதனால அடி மூட்டு மடிஞ்சுருச்சு. சரிஞ்ச அந்தக் கயிறு இழுக்கிற இழுப்பெல்லாம் இப்ப நுனிக்குத்தான் போகுது. நுனி பின்னால வளையுது. நீங்க ஒரு பொருளக் கிள்ளி எடுக்கிறப்பல்லாம், பொத்தான் போடுறப்பல்லாம், அந்த வளைவு கொஞ்சம் கொஞ்சமாக் கூடும்.”

“மொதல்ல நான் கையால நிமித்துனா நிமிரும் புள்ள. அப்புறம் அதுவும் இல்லாமப் போச்சு.”

“ஆமா. ஆரம்பத்துல நிமிரும். கால‌ம் போனா மூட்டே இறுகிரும். எல்லாருக்கும் இதே மாதிரி ஆகுறதில்ல. சிலருக்கு மணிக்கட்டுக்குப் பக்கத்து மூட்டுல தொடங்கி, வேற மாதிரி வளையும்.”

விஜயலெட்சுமிக்கு யாரும் இவ்வளவு பொறுமையாக, அவள் விரலின் கதையை அவளுக்கே சொன்னதில்லை. கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்ல வேண்டும் என்பதை மறந்துவிட்டாள்.

“ஆரம்பத்துலயே மருந்து எடுத்திருந்தா, இப்படி ஆகாம இருந்திருக்குமா?”

அந்தப் பெண் தன் விரல்களை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

“அநேகமா... இருந்திருக்கும். வீக்கம் தொடங்கினதுமே வந்திருந்தா, மூட்டைக் காப்பாத்தியிருக்கலாம்.”

மணி அடித்தது. எழுந்தாள். டொக்டர்கள் இருவரும் பரீட்சைத் தாளில் புள்ளி போடக் குனிந்திருந்தார்கள். திரையை விலக்கப் போனவள் திரும்பி, உதடு மட்டும் அசைகிற மாதிரிச் சொன்னாள்:

“நன்றி... அத்தை.”

*

அத்தை!

அதற்குப் பிறகு யார் வந்தார்கள், என்ன கேட்டார்கள் என்று விஜயலெட்சுமிக்கு ஒன்றும் ஓடவில்லை. காலைப் பிரிவு முடிந்து சாப்பாட்டுக்கு விட்டதும் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினாள். கன்ரீன் வாசலில் நின்ற சிதம்பரநாதனின் கையைப் பிடித்து இழுத்தாள்.

“ஏங்க! அண்ணன் மக! நம்ம துஷாந்தினி! டொக்டருக்குப் படிக்குது! என் கையப் புடிச்சுப் பாத்திச்சு!”

“வீரசிங்கத்தின்ர பிள்ளையோ? பொறும், பொறும். மூச்சை விட்டுப்போட்டுச் சொல்லும்.”

மூச்சு விட நேரமில்லை. கன்ரீன் மூலையில் அந்தப் பெண் தனியாக உட்கார்ந்து, ஒரு தண்ணீர்ப் போத்தலின் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். முழங்காலுக்கிடையில் இடுக்கினாள். சட்டை நுனியைச் சுற்றித் திருகினாள். மூடி அசையவில்லை.

“குடு” என்று வாங்கினாள் விஜயலெட்சுமி. அவளாலும் முடியவில்லை. சிதம்பரநாதன்தான் வாங்கி ஒரே திருகில் திறந்து கொடுத்தார். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். துஷாந்தினி சிரித்தாள். சிரித்த அதே முகத்தில் கண்ணீரும் வந்தது.

“எப்பருந்து புள்ள?” என்றாள் விஜயலெட்சுமி.

“எது அத்தை?”

“எங்கிட்டயே கேக்குறியா?”

துஷாந்தினி கைகளை மேசைக்கடியில் இழுத்துக்கொண்டாள். “மழை தொடங்கினதுலருந்து. காலையில எந்திரிச்சா வெரல் மடங்காது. வெந்நியில வச்சிருந்துட்டுத்தான் வார்டுக்கு வருவேன்.”

“ரத்தம் குடுத்துப் பாத்தியா?”

“இல்ல. பாத்தா அதுதான்னு தெரிஞ்சிரும்ல? நான் சர்ஜனாகணும் அத்தை. பள்ளிக்கூடத்துலருந்தே அதுதான் என் ஆசை. இந்தக் கைய வச்சுக்கிட்டு...”

விஜயலெட்சுமி எழுந்தாள். “எந்திரி. செல்வநாயகி டொக்டர்கிட்டப் போவோம்.”

“ஐயோ, இன்னிக்கு வேணாம்! நீங்க என் அத்தைன்னு தெரிஞ்சா என் பரீட்சை போயிரும். உங்க ஊரக் கேட்டதுமே எனக்குச் சந்தேகம் வந்துச்சு, அப்பவே சொல்லியிருக்கணும். ரிசல்ட் வந்தப்புறம் நானே போறேன். சத்தியமா.”

“ரிசல்ட் எப்ப வரும்?”

“அடுத்த மாசம் வரும். இல்லன்னா அதுக்கடுத்த மாசம்.”

விஜயலெட்சுமி கணவரைப் பார்த்தாள். அவர் நெற்றியைத் தடவினார். “அண்ணன்ர பிள்ளை. தேப்பனுக்குத் தெரியாமக் கூட்டிக்கொண்டு போனா, நாளைக்கு அதுவும் எங்கட பிழையா வந்து நிக்கும், விஜி.”

“அப்பா வந்துக்கிட்டு இருக்காரு” என்றாள் துஷாந்தினி மெல்ல. “பரீட்சை முடிஞ்சு என்னக் கூட்டிக்கிட்டுப் போக.”

அண்ணன் வருகிறான்! ஆனாலும் விஜயலெட்சுமி உட்காரவில்லை.

“நீதானே புள்ள இப்ப எனக்குச் சொன்ன? வீக்கம் தொடங்கினதுமே வந்திருந்தா மூட்டைக் காப்பாத்தியிருக்கலாமுன்னு? பரீட்சைக்குச் சொன்னியா, எனக்குச் சொன்னியா?”

துஷாந்தினி போத்தலை எடுத்தாள். தண்ணீரை ஒரே மூச்சில் குடித்து முடித்தாள். போத்தலை மேசைமேல் வைத்தாள். பிறகு யாரையும் பார்க்காமல் டொக்டர்கள் இருந்த அறையை நோக்கி நடக்கத் தொடங்கினாள். இவர்கள் இருவரும் பின்னால் ஓட வேண்டியதாகிவிட்டது.

*

டொக்டர் செல்வநாயகி சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார்.

“டொக்டர், காலையில நான் பாத்த பேஷண்ட் எங்க அத்தை. அப்பாவோட தங்கச்சி.”

செல்வநாயகியின் கை அப்படியே நின்றது. “எப்ப தெரியும் உங்களுக்கு?”

“ஊரும் பேரும் கேட்டப்ப சந்தேகம். பாட்டி பேரச் சொன்னதும் நிச்சயமாத் தெரிஞ்சுது.”

“உடன கையைத் தூக்கியிருக்க வேணும் நீங்கள். ஏன் தூக்கேல்லை?”

“தூக்கியிருந்தா அத்தை கையத் தொடாமலே போயிருப்பேன் டொக்டர். எங்க வீட்டுல அப்பா முன்னால யாரும் அவங்க பேரக்கூடச் சொல்ல மாட்டாங்க.”

வாசலில் நின்ற விஜயலெட்சுமி பட்டு முந்தானையைக் கசக்கிக்கொண்டிருந்தாள். அவள் சேலை கட்டி வந்த நேரம் இந்தப் பிள்ளையின் படிப்புக்கு வேட்டு வைத்துவிட்டதோ?

செல்வநாயகி எழுந்து பக்கத்து அறைக்குப் போனார். சிங்கள டொக்டரின் குரல் கேட்டது. இவருடைய குரல் கேட்டது. மறுபடி அவருடைய குரல். திரும்பி வந்தபோது முகத்தில் எந்தக் குறிப்பும் இல்லை.

“அந்தப் புள்ளி செல்லாது. பின்னேரம் எல்லாரும் முடிச்சாப்பிறகு வேற ஒரு பேஷண்டைப் பாக்க வேணும். அதில விட்டா விட்டதுதான். விளங்குதோ?”

“விளங்குது டொக்டர்.”

துஷாந்தினி போகத் திரும்பினாள். விஜயலெட்சுமிக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை.

“டொக்டர், இன்னொண்ணும் இருக்கு! அதோட கையப் பாருங்க!”

செல்வநாயகி சாப்பாட்டுப் பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டுக் கையை நீட்டினார். துஷாந்தினி தயங்கித் தயங்கித் தன் கையைக் கொடுத்தாள். டொக்டர் விரல் மூட்டுகளை இரண்டு பக்கமிருந்தும் மெதுவாகச் சேர்த்து அமுக்கினார். துஷாந்தினி வலியில் துள்ளிவிட்டாள்.

“நான் சர்ஜரி செய்யணும்னு...” என்று விம்மினாள்.

“அதுக்குத்தான் பிள்ளை சொல்லுறன், இண்டைக்கே ரத்தம் எடுப்பம். எக்ஸ்ரேயும் எடுப்பம். உங்கட அத்தையின்ர காலம் வேற. இப்ப நல்ல மருந்துகள் இருக்கு. வேளைக்குத் தொடங்கினா இந்தக் கட்டைவிரல் இப்பிடியே நேராவே இருக்கலாம்.” துஷாந்தினியின் கையை மெல்ல விட்டார். “இருக்கும் எண்டு நான் சத்தியம் பண்ண மாட்டன். ஆனா பிந்தினா என்ன ஆகும் எண்டு நீங்களே காலமை வடிவாச் சொன்னனீங்கள்.”

*

பின்னேரம் துஷாந்தினிக்குக் கிடைத்தது பசறைச் சின்னராசாவின் நெஞ்சு.

வார்டு வாசலில் விஜயலெட்சுமி உட்காரவும் இல்லை, நிற்கவும் இல்லை. சிதம்பரநாதன் வாங்கி வந்த தேநீர் கையிலேயே ஆறிப் போனது. ரத்தம் எடுத்த கையில் பஞ்சை ஒட்டிக்கொண்டு உள்ளே போன பிள்ளை. வலிக்கிற விரலால் குழாயைப் பிடிக்க வேண்டும். சின்னராசாவின் நெஞ்சு என்ன சின்ன இடமா?

மணி அடித்தது. முதலில் வெளியே வந்தது துஷாந்தினி. “தெரியல அத்தை” என்றாள். முகம் வெளிறியிருந்தது.

அடுத்து வந்தார் சின்னராசா. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, மீசைக்குள் சிரித்துக்கொண்டு.

“அண்ணே! என்னாச்சுண்ணே?”

“சொல்லக் கூடாது தங்கச்சி.”

“ஒரு வார்த்தைண்ணே!”

“வாயே தொறக்க மாட்டேன். இந்தத் தடவை சோத்துப் பார்சல் முக்கியம்!” என்றார். படியிறங்கும்வரை சிரித்துக்கொண்டே போனார். அந்தச் சிரிப்பைப் பார்த்து, துஷாந்தினியின் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது.

*

பதுளை பஸ் ஸ்டாண்டில், மொனராகலை பஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான் வீரசிங்கம். தலை நரைத்துவிட்டது. ஆனால் அந்த நிற்பு மாறவில்லை. ஒரு காலை முன்னால் வைத்து, சண்டைக்கு நிற்பதுபோல.

மகளைக் கண்டதும் மலர்ந்த முகம், பின்னால் வந்தவர்களைக் கண்டதும் இறுகியது.

“பஸ்ஸுல ஏறு” என்றான் மகளிடம்.

“அப்பா, நான் சொல்றதக் கேளுங்க.”

“ஏறுன்னு சொன்னேன்.”

“ஏற மாட்டேன்ப்பா. நாளைக்கு ரத்த ரிப்போர்ட் வருது. டொக்டரப் பாக்கணும். இன்னிக்கு ராத்திரி அத்தை வீட்டுல தங்கப் போறேன்.”

ரத்த ரிப்போர்ட் என்றதும் வீரசிங்கம் மகளின் கையில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்தான். “யாருக்கு என்ன?”

துஷாந்தினி எல்லாவற்றையும் நின்ற நிலையிலேயே சொல்லிவிட்டாள். வெந்நீரை, பேனாவை, செல்லாமல் போன புள்ளியை, எல்லாவற்றையும். அவன் முகம் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மாதிரி மாறியது. கடைசியில் தங்கையைப் பார்த்துப் பல்லைக் கடித்தான்.

“இத்தன வருஷங்கழிச்சு வந்து, ஒரே நாள்ல எம் புள்ளையப் பிரிக்கப் பாக்குறியா?”

காலையிலிருந்து விஜயலெட்சுமி கட்டிக் காத்த தைரியம் ஒரு நிமிஷம் ஆடிப் போனது. பிறகு எங்கிருந்தோ குரல் வந்தது.

“அண்ணே. எம்மேல கோவமா இரு. சாகுற வரைக்கும் இரு. அதுக்கு நான் குறுக்க வரல. ஆனா அந்தக் கோவத்தப் புள்ள கையில ஏத்தாத.”

கண்டக்டர் “மொனராகலை! மொனராகலை!” என்று தகரத்தைத் தட்டினான். பஸ் உறுமியது. வீரசிங்கம் விறுவிறுவென்று போய் மிதிபலகையில் ஏறினான். உள்ளே மறைந்தான்.

“அப்பா!” என்று ஓரடி ஓடினாள் துஷாந்தினி. பஸ் புகையைக் கக்கிக்கொண்டு புறப்பட்டது. விஜயலெட்சுமி கண்ணை மூடிக்கொண்டாள்.

திறந்தபோது பஸ் போயிருந்தது. அது நின்றிருந்த இடத்துக்கு அந்தப் பக்கத்தில், முன்வாசல் வழியாக இறங்கிய வீரசிங்கம் நின்றிருந்தான். ஸீட்டில் இடம் போட்டு வைத்திருந்த பை அவன் தோளில் தொங்கியது.

அவன் தங்கையிடம் வரவில்லை. மகளிடமும் வரவில்லை. நேராகச் சிதம்பரநாதன் முன்னால் வந்து நின்றான். எங்கேயோ பார்த்துக்கொண்டு கேட்டான்.

“மச்சான், பண்டாரவளை பஸ் எங்க நிக்கும்?”

பூனாகலைக்குப் பண்டாரவளை வழியாகத்தான் போக வேண்டும். அவர்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவன் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது. பாடசாலையில் எத்தனையோ பிள்ளைகளை அதட்டிய சிதம்பரநாதன், “இஞ்சாலை... இஞ்சாலை வாங்கோ” என்று தடுமாறி, வழி காட்டுவதற்குப் பதிலாக அவன் தோளிலிருந்த பையைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் ஓடினார்.

பண்டாரவளை பஸ்ஸில் நால்வரும் ஒரே வரிசையில் இடம் பிடித்தார்கள். அண்ணன் ஒரு ஜன்னலோரம், தங்கை மறு ஜன்னலோரம். யாரும் பேசவில்லை. ஆனால் யாரும் இறங்கிப் போகவும் இல்லை. பஸ் மேட்டில் வளைந்து வளைந்து ஏறியது. தேயிலைச் சரிவுகளில் வெயில் மஞ்சளாய்ப் படுத்திருந்தது. வீட்டில் ராத்திரிக்கு என்ன சமைப்பது, அண்ணனுக்கு இன்னமும் கருவாடு பிடிக்குமா என்று விஜயலெட்சுமியின் மனம் அதற்குள் அடுப்படிக்குப் போய்விட்டது.

துஷாந்தினியின் மடியில் போன் அதிர்ந்தது.

திரையில் பெயர் தெரிந்தது. டொக்டர் செல்வநாயகி.

ரிப்போர்ட் நாளைக்குத்தானே வரும் என்றார்? பரீட்சைப் புள்ளி பற்றியோ? இல்லை, எக்ஸ்ரேயில் ஏதாவது...? துஷாந்தினி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன் விடாமல் அதிர்ந்தது.

“எடு புள்ள!”

இரண்டு ஜன்னலோரத்திலிருந்தும், ஒரே நேரத்தில், அண்ணனும் தங்கையும் சேர்ந்து சொன்னார்கள்.